காட்டு நெல்லியைக் காட்டிலேயே இனங்காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காய் தொங்கும் தை மாதத்தில் நெல்லியைக் காட்டச் சொன்னால் எவரும் காட்டிவிடுவார்கள். அதே மரத்தடிக்கு ஆடியில் கூட்டிப்போனால், உசில் என்பார் ஒருவர், வாகை இனம் என்பார் இன்னொருவர். மாசியில் அது மொட்டையாக நிற்கும்போது பெயரே வராது. காயை மட்டும் நம்பி நெல்லியைத் தெரிந்துவைத்திருப்பதால் வரும் சிக்கல் இது. ஆண்டில் எந்த மாதமானாலும், மரமாக நின்றாலும் தீயில் கருகிப் புதராகத் துளிர்த்திருந்தாலும் நெல்லியை அறிந்துகொள்ளும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

எந்த நெல்லியைத் தேடுகிறோம்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் கூஸ்பெரி என்பது ஐரோப்பாவின் ஒரு முட்புதர். ரைபீஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த அதற்கு விரல் பிரிந்த இலையும் கணுவில் முள்ளும் உண்டு. அதன் உறவுச் செடிகள் இமயமலையின் உயரங்களில் வளர்கின்றன. தென்னிந்தியக் காடுகளில் அவற்றைத் தேடிப் பயனில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ‘மலை கூஸ்பெரி’ என்று சொல்லப்படும் தவிட்டுப் பழம், கொய்யாவின் குடும்பத்துச் செடி. காகிதக் கூடு போன்ற உறைக்குள் மஞ்சள் பழம் வைத்திருக்கும் இன்னொரு கூஸ்பெரி, சொடக்குத் தக்காளியின் இனம். இவை எதுவும் நம் நெல்லிக்கு உறவில்லை.

நாம் தேடுவது ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயர் இது. பழைய மருந்து நூல்களில் எம்ப்ளிகா அஃபிசினாலிஸ் என்று இருந்தால் அதுவும் இதுவே. பெருநெல்லி, மலைநெல்லி, காட்டு நெல்லி என்று ஊருக்கொரு பெயர். அரிநெல்லி, கீழாநெல்லி, மேலாநெல்லி ஆகியவையும் இதே பேரினம்தான், ஆனால் வேறு வேறு செடிகள். நம் தக்காண வறண்ட காடுகளுக்கே உரிய ஃபில்லாந்தஸ் இண்டோஃபிஷெரி என்ற இன்னொரு காட்டு நெல்லியும் உண்டு. அதைப் பற்றித் தனியாகப் பின்னால் சொல்கிறோம்.

எப்போது போவது, எதை எடுத்துப்போவது

கற்றுக்கொள்ள நல்ல காலம் கார்த்திகை முதல் தை வரை. அப்போது இலை இன்னும் முழுதாக உதிர்ந்திருக்காது, காயும் இருக்கும். கண்டதைக் காயை வைத்து உடனே சரிபார்க்கலாம். அந்த ஒரு பருவத்தில் இருபது முப்பது மரங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டால் மற்ற மாதங்களில் கண் தானே தேறிவிடும். பூவைப் பார்க்கப் பங்குனியும் சித்திரையும் வேண்டும். ஆனால் அது காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிகள் தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, கோடையில் மலையேற்றப் பாதைகள் மூடப்படுவது வழக்கமாகிவிட்டது. பூவுக்காக அந்தக் காலத்தில் காட்டுக்குள் போகாதீர்கள். மலையடிவாரப் பட்டா நிலங்களிலும் மலைச்சாலை ஓரங்களிலும் நிற்கும் நெல்லியே அதற்குப் போதும்.

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எதுவானாலும் வனத்துறை அனுமதி வாங்குங்கள். அந்தக் காட்டை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். யானை நடமாடும் பகுதியில் காலை 9 மணிக்கு முன்னும் பிற்பகல் 3 மணிக்குப் பின்னும் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். இலையின் நுணுக்கத்தைப் பார்க்க நல்ல வெளிச்சமும் தேவை. புல் உயரமான சரிவுகளில் உண்ணி மொய்க்கும் என்பதால் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 15 சென்டிமீட்டர் அளவுகோல், தையல்காரர் நாடா, துருப்பிடிக்கும் வகை இரும்புக் கத்தி ஒன்று (ஏன் என்பது பின்னால்), பென்சில், குறிப்பேடு, பழைய செய்தித்தாள் நாலைந்து தாள். பைனாகுலர் இருந்தால் உயரக் கிளையில் காய் இருக்கிறதா என்று பார்க்க உதவும்.

முதல் படி: நிற்கும் இடத்தைப் படியுங்கள்

நெல்லி வெளிச்சம் தேடும் மரம். மேலே தழை மூடிய பசுமைமாறாக் காட்டுக்குள்ளோ சோலைக்குள்ளோ அது நிற்காது. மரங்கள் விட்டுவிட்டு நின்று, இடையில் இடுப்பளவு புல் வளர்ந்து, மண்ணில் கல்லும் சரளையும் கலந்திருக்கும் சரிவுகளே அதன் வீடு. அடிவாரம் தொடங்கி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் வரை பார்க்கலாம். சத்தியமங்கலம், ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை, சேர்வராயன், சிறுமலை, ஆனைமலையின் கிழக்குச் சரிவு எல்லாவற்றிலும் உண்டு. இலங்கையில் ஊவா மாகாணத்தின் நில்கல புல்வெளிக் காடு இதற்குப் பேர்போன இடம்.

உடன் நிற்கும் மரங்களைப் பாருங்கள். வெக்காலி, வேங்கை, கருமருது, கல்மூங்கில், தரையோடு நிற்கும் சிற்றீச்சை ஆகியவை இருந்தால் சரியான காட்டில் இருக்கிறீர்கள். கடுக்காயும் தான்றியும் கண்ணில் பட்டால் நெல்லி தொலைவில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். திரிபலாவின் மூன்று காய்களும் ஒரே கூடையில் சேர்ந்ததற்கு, மூன்று மரங்களும் ஒரே வகைக் காட்டில் நிற்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

தரையையும் பார்க்கத் தவறாதீர்கள். புள்ளிமானும் கேளையாடும் சருகுமானும் விழுந்த நெல்லிக்காயை அப்படியே விழுங்கும். பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். மான் படுத்த இடத்தில் சதை துளியும் ஒட்டாத, வழுவழுப்பான, ஆறு விளிம்புள்ள கொட்டைகள் ஐந்தாறு சேர்ந்து கிடந்தால், பக்கத்தில் காய்த்த நெல்லி உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மரத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே இந்தக் கொட்டை கிடைப்பதும் உண்டு.

இரண்டாம் படி: தூரத்திலிருந்து உருவம், பிறகு பட்டை

காட்டு நெல்லி பெரும்பாலும் சிறு மரம். வளமான இடத்தில் 10 மீட்டரைத் தாண்டும். வறண்ட கரட்டில் மூன்று நான்கு மீட்டரோடு நின்றுவிடும். தண்டு நேராக இருப்பது அரிது. வளைந்து, தாழ்விலேயே கிளைத்து, மேலே பரவும். தழை மெல்லியது. தூரத்தில் இருந்து பார்த்தால் இறகு கோத்ததுபோல் வெளிர்பச்சையாகத் தெரியும், அதன் ஊடே வானம் தெரியும். காற்றில் இலைகள் தனித்தனியே அசையாமல் இணுக்கு இணுக்காகச் சேர்ந்து அசையும்.

கிட்டே போனதும் முதலில் பட்டை. நெல்லியின் பட்டை மெல்லியது, சாம்பல் நிறம், சிலவற்றில் இளம்பச்சை ஓடியிருக்கும். பழைய பட்டை ஒழுங்கற்ற சிறு சில்லுகளாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதுப்பட்டை வெளிர்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். இதனால் தண்டு முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும். கொய்யா மரத்தின் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு வழுவழுப்பு இல்லை, ஆனால் அந்தச் சாயல் உண்டு. நகத்தால் ஒரு சிறு இடத்தை மட்டும் சுரண்டினால் உட்பட்டையில் சிவப்புச் சாயல் தெரியும். கத்தியால் செதுக்க வேண்டாம், தேவையும் இல்லை.

பட்டையில் ஒரு எச்சரிக்கை. ஆண்டுதோறும் தரைத்தீ படும் சரிவுகளில் தண்டின் கீழ் ஒரு மீட்டர் கருகி, தடித்து, வெடித்திருக்கும். அந்த மரத்தில் அடிப்பட்டையைப் பார்த்தால் நெல்லியே இல்லை என்று தோன்றும். தலைக்கு மேலே உள்ள கிளையின் பட்டையைப் பாருங்கள்.

மூன்றாம் படி: இணுக்குச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்வதென்றால் இதைப் பதித்துக்கொள்ளுங்கள். நெல்லி இலையைப் பார்க்கும் எவருக்கும் அது புளியிலை போல, உசிலிலை போல, பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரு கூட்டிலை என்றே படும். அப்படி இல்லை. நெல்லியில் ஒவ்வொரு குட்டி இலையும் முழுமையான ஒரு தனி இலை. அவற்றைத் தாங்கி நிற்பது இலைக்காம்பு அன்று, மெல்லிய ஒரு குச்சி. அந்தக் குச்சியைத்தான் இணுக்கு என்று இங்கே சொல்கிறோம். இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துப் பார்த்து உணர்ந்துகொண்டால் நெல்லி பற்றிய குழப்பத்தில் பெரும்பாதி தீர்ந்துவிடும்.

வெயில் படும் பக்கத்தில், முற்றிய ஓர் இணுக்கை எடுங்கள். நீளத்தை அளந்தால் 10 முதல் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும். இலைகள் இருபுறமும் ஒரே தளத்தில் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். ஓர் இணுக்கில் ஐம்பதுக்கு மேல் இருப்பது சாதாரணம். ஓர் இலையின் நீளம் 8 முதல் 20 மில்லிமீட்டர், அகலம் 2 முதல் 5 மில்லிமீட்டர். நீண்ட வடிவம், நுனி மழுங்கியோ மிகச் சிறு கூர்மையோடோ இருக்கும், காம்பு இல்லை என்றே சொல்லலாம். மேல்புறம் பச்சை, அடிப்புறம் சற்று வெளிர்.

இப்போது இணுக்கின் நடுப்பகுதியை இரு விரலால் விரித்து லென்ஸில் பாருங்கள். இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் மாறி மாறி அமைந்திருக்கும். நெருக்கத்தால் ஜோடிபோல் தெரிகிறது. ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு மில்லிமீட்டர் அளவில் பழுப்பு நிறச் செதில்கள் இரண்டு ஒட்டியிருக்கும். இலைக்கும் குச்சிக்கும் இடைப்பட்ட கக்கத்தில் பூ மொட்டோ, பூ உதிர்ந்த தழும்போ, காயின் காம்போ இருக்கும். கூட்டிலையின் சிற்றிலைக் கக்கத்தில் பூவோ காயோ ஒருபோதும் வராது. இந்த ஒன்றே கூட்டிலை மரங்கள் அத்தனையையும் விலக்கிவிடும்.

அடுத்து நுனியைப் பாருங்கள். புளியின் கூட்டிலை ஒரு ஜோடிச் சிற்றிலையோடு முடிந்து நிற்கும். நெல்லி இணுக்கின் நுனியிலோ இலைகள் சிறுத்துச் சிறுத்துப் போய், இளம் இணுக்கானால் இன்னும் விரியாத துளிரில் முடியும். பிறகு அடியைப் பாருங்கள். புளி, உசில், வாகை போன்றவற்றில் கூட்டிலைக் காம்பு கிளையோடு சேருமிடம் தெளிவாகத் தடித்திருக்கும், அந்தத் தடிப்புக்கு மேலே கிளையில் ஒரு மொட்டு இருக்கும். நெல்லியில் இணுக்குகள் பழைய கிளைகளின் முண்டு முண்டான கணுக்களிலிருந்து, பல இடங்களில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து கிளம்பும்.

இணுக்கை ஒடித்தால் பால் வடியக் கூடாது. நெல்லியை முன்பு ஆமணக்குக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். அதனால் பால் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. வராது. பால் வந்தால் அது நெல்லி இல்லை. நெல்லிக்கு முள்ளும் கிடையாது. இலையைக் கசக்கினால் தனி மணம் ஏதும் எழாது.

நான்காம் படி: பூ

பங்குனி, சித்திரையில் புது இணுக்கு துளிர்க்கும்போதே பூவும் வரும். அளவு சில மில்லிமீட்டர்தான், நிறம் பச்சை கலந்த மஞ்சள். ஒன்றிரண்டாகப் பார்த்தால் கண்ணில் படாது. கக்கம்தோறும் கொத்தாக இருப்பதால் இணுக்கின் அடிப்பகுதி மஞ்சள் பொடி தூவியதுபோல் தெரியும். தேனீக்களின் இரைச்சல் கேட்டே மரத்தைக் கண்டுகொள்ளலாம்.

ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாக இருக்கும். கொத்துக் கொத்தாக, மெல்லிய காம்பில் இருப்பவை ஆண்பூக்கள். இவையே மிகுதி. பெண்பூ குறைவு, காம்பு இல்லாததுபோல் இலைக் கக்கத்தோடு ஒட்டி, இணுக்கின் மேல்பகுதியில் தேடினால் கிடைக்கும். லென்ஸில் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: இதழ்போல் தெரியும் புல்லிகள் ஆறு, உண்மையான அல்லி இதழ் கிடையாது, ஆண்பூவின் நடுவில் மகரந்தத் தாள்கள் மூன்றும் ஒட்டி ஒரே தூணாக நிற்கும்.

ஐந்தாம் படி: காயும் கொட்டையும்

காட்டு நெல்லிக்காய் கடைக்காயைவிடச் சிறியது. குறுக்களவு ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர், எடை பெரும்பாலும் 10 கிராமுக்குள். உருண்டை, மேலும் கீழும் சற்று அமுங்கியது, தோல் மயிரின்றி வழுவழுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். மேலிருந்து கீழாக ஆறு வெளிர்க் கோடுகள் ஓடும். காம்பு மிகக் குட்டையானது. இணுக்கோடு ஒட்டிக் காய்த்ததுபோல் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் தரையில் விழுந்த ஒரு காயை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். சதைக்குள் கடினமான ஒரே கொட்டை, வெளியே ஆறு விளிம்பு. கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டி உடைத்தால் உள்ளே மூன்று அறை, அறைக்கு இரண்டாக ஆறு விதை. மரத்தடியில் காய்ந்த கொட்டைகள் வெயிலில் தானே வெடித்துக் கிடப்பதும் உண்டு. இந்த மூன்று, ஆறு என்ற கணக்கு பொருந்தினால் நெல்லி உறுதி.

இரும்புக் கத்தியின் வேலை இங்கேதான். வெட்டிய முகத்தில் கத்தியை ஒரு நிமிடம் தேய்த்து வைத்தால் சாறு பட்ட இடம் நீலங்கலந்த கறுப்பாகும். காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மைபோல் ஆவதால் இப்படி. துருப்பிடிக்காத எவர்சில்வர் கத்தியில் இது தெரியாது. கடுக்காயும் தான்றியும்கூட இரும்பைக் கறுப்பாக்கும் என்பதால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; இதை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறு.

சுவையைக் கடைசியில் வையுங்கள். இணுக்கு, கொட்டை இரண்டும் பொருந்திய பிறகே வாயில் வைக்க வேண்டும். சுவைத்து இனங்காண்பது காட்டில் ஆபத்தான பழக்கம்.

இலை இல்லாத மரத்தை அறிவது

தை, மாசியில் நெல்லி இலை உதிர்க்கும். அப்போது இலை மட்டும் விழாது, இணுக்கோடு சேர்ந்து விழும். மரத்தடியில் ஈர்க்குச்சி போன்ற 10 முதல் 20 சென்டிமீட்டர் குச்சிகள் பரவிக் கிடக்கும், இருபுறமும் இலை உதிர்ந்த புள்ளிகள் வரிசையாகத் தெரியும். கிளையில், இணுக்கு விழுந்த இடமெல்லாம் முண்டு முண்டாக முடிச்சுகள் இருக்கும். திட்டுப் பட்டை, முடிச்சுக் கிளை, தரையில் ஈர்க்கு, அதனிடையே ஆறு விளிம்புக் கொட்டை: இந்த நான்கும் சேர்ந்தால் ஓர் இலைகூட வேண்டாம்.

புதராக நிற்பதும் கன்றும்

காட்டில் நெல்லியைத் தவறவிடுவது அதிகமும் இந்த நிலையில்தான். தீயில் மேல்பகுதி கருகினாலும், காய்க்காகக் கிளை வெட்டப்பட்டாலும், ஆடுமாடு கடித்தாலும் நெல்லி சாகாமல் அடியிலிருந்து பல தண்டாகத் துளிர்க்கும். இடுப்பளவு உயரத்தில் நாலைந்து நேர்க்குச்சிகள் கிளம்பிய புதரைப் பார்த்து யாரும் மரத்தை நினைப்பதில்லை.

புதரில் கவனிக்க வேண்டியது நடுக்குச்சி. இணுக்கில் இருப்பதுபோன்ற பச்சை இலை நடுக்குச்சியில் இருக்காது. கணுதோறும் ஒரு சிறு பழுப்புச் செதில் மட்டும் இருக்கும். அதன் கக்கத்திலிருந்து இலை தாங்கிய இணுக்கு பக்கவாட்டில் நீட்டியிருக்கும். மேல்நோக்கி வளரும் குச்சிக்கு இலை இல்லை, பக்கவாட்டில் நீளும் இணுக்குக்கே இலை. கன்றிலும் ஒழுங்கு இதுவே. வேகமாக வளரும் புதுத் துளிரில் இலைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் இடைவெளி விட்டும் இருக்கலாம். அளவு பொருந்தவில்லை என்று தள்ளிவிடாதீர்கள். புதரைச் சுற்றிக் கருகிய பழைய அடிக்கட்டை இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். இருந்தால் அது கன்று அன்று, வயதான மரம் மறுபடி எழுகிறது. காட்டில் புதுக்கன்று வருகிறதா என்று கணக்கெடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். மறுதுளிர்ப்பையெல்லாம் கன்று என்று எண்ணினால், இளங்கன்றே இல்லாத காடும் செழிப்பாக இருப்பதாகத் தாளில் வந்துவிடும்.

இரண்டு காட்டு நெல்லிகள்

இதுவரை சொன்ன இலை, காய் அளவுகள் ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகாவுக்கு. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரத்தின் வறண்ட அடிவாரப் புதர்க்காடுகளில், உசிலும் கிளுவையும் நிற்கும் இடத்தில், ஃபில்லாந்தஸ் இண்டோஃபிஷெரி வளர்கிறது. அதன் இலை சற்று அகலம் கூடியது, இணுக்கில் நெருக்கம் குறைந்தது, காய் பெரியது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இரண்டும் உண்டு. அங்குள்ள சோலிகர் பழங்குடியினர் இரண்டையும் பிரித்தறிந்து காய் எடுப்பவர்கள். அங்கே ஒரே மலையில் கீழே புதர்க்காட்டில் ஒன்றும், மேலே இலையுதிர்காட்டில் மற்றொன்றுமாக நிற்பதைப் பார்க்கலாம்.

பிரிப்பதற்கு ஒரே மரத்தில் குறைந்தது பத்து முற்றிய இலைகளின் நீள அகலத்தை அளந்து சராசரி எடுங்கள். கூடவே காயின் குறுக்களவும் உயரமும் காட்டு வகையும் வேண்டும். ஓர் இலையையோ ஒரு காயையோ வைத்து முடிவுகட்டினால் பாதி நேரம் தவறாகும். தயக்கம் இருந்தால் ‘காட்டு நெல்லி, இனம் உறுதியாகவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

ஏமாற்றும் செடிகள்

சிறுநெல்லி (ஃபில்லாந்தஸ் பாலிஃபில்லஸ்) எல்லாவற்றிலும் கடினமானது. அதே வறண்ட காடு, அதே இறகுத் தழை, அதே இணுக்கு அமைப்பு, பேரினமும் ஒன்றே. இணுக்குச் சோதனை இங்கே உதவாது. காய்தான் பிரிக்கும்: சிறுநெல்லியின் காய் சதைப்பற்றில்லாத சிறு காய், காய்ந்து வெடிக்கும். கீழே சதைக்காயின் ஆறு விளிம்புக் கொட்டை கிடைக்காவிட்டால் பெயர் எழுத அவசரப்படாதீர்கள்.

உசில், கருவாகை முதலியவற்றின் இலை இரண்டு முறை பிரியும். நடுக்காம்பு, அதிலிருந்து கிளைக்காம்பு, அதில் சிற்றிலை. நெல்லி இணுக்கு பிரிவதே இல்லை. இவற்றில் தட்டையான நெற்றும் தொங்கும். புளியின் சிற்றிலை ஜோடி ஜோடியாக, மென்றால் புளிக்கும்.

பூலாஞ்செடி ஓடைக்கரையில் படரும் புதர். இலை அகலம், பழம் பட்டாணி அளவில் கறுத்துச் சாறோடு இருக்கும். வெள்ளைப்பூலாவின் கிளை நுனி முள்ளாக முடியும், பழம் வெள்ளை. அரிநெல்லி வீட்டுத் தோட்ட மரம்; இலை பல மடங்கு பெரியது, கூர் நுனி உள்ளது, காய் ஆழமாக வரி விழுந்து கிளையிலேயே கொத்தாகத் தொங்கும். கீழாநெல்லி முழங்கால் உயரமும் வராத பூண்டு. தண்டு பச்சையாக, மரத்தன்மை இல்லாமல் இருந்தால் அது கீழாநெல்லி வகையே. நெல்லிக் கன்றுக்குச் சிறு வயதிலேயே தண்டு பழுப்பேறிவிடும்.

நெல்லியிலேயே ஏமாற்றுபவை

ஒரே மரத்தில் பாதிக் கிளையில் இறகுத் தழையும் மீதியில் அகலமான தடித்த இலையும் இருந்தால் திகைக்க வேண்டாம். அது புல்லுருவி. காட்டு நெல்லியைப் பீடிப்பதில் டாக்சில்லஸ் டொமெண்டோசஸ் என்ற இனம் முக்கியமானது; இலையடியில் பஞ்சுபோல் மயிர் இருக்கும். ஒட்டிய இடத்தில் கிளை பந்துபோல் வீங்கியிருக்கும். பிலிகிரிரங்கன் மலையில் நெல்லி மரங்கள் மடிவதற்கு இது பெரிய காரணம் என்பது அங்கே நடந்த நெடுங்கால ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. புல்லுருவியின் இலையைப் பறித்து நெல்லி இலை என்று தாளில் அழுத்தி வைத்துவிடாதீர்கள்.

துளிர் நுனி விரல்போல் வீங்கியிருந்தால் அதற்குள் பெட்டூசா என்ற அந்துப்பூச்சியின் புழு இருக்கும். நெல்லியின் வழக்கமான தொல்லை இது. இனங்காண உதவும் அடையாளமாகவும் கொள்ளலாம். காயிலும் இலையிலும் வளையம் வளையமாகச் செந்தூள் படிந்திருந்தால் அது துரு நோய், வேறு இனம் என்று எண்ண வேண்டாம்.

மலைக்கிராமங்களுக்கு அருகே காய் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அது பெரும்பாலும் தோட்ட ரகம். என்ஏ-7, கிருஷ்ணா, சக்கையா, பவானிசாகரில் இருந்து வந்த பிஎஸ்ஆர்-1 போன்றவை எங்கும் நடப்பட்டிருக்கின்றன. ஒட்டுக்கன்றானால் தண்டின் அடியில், தரைக்கு ஒரு சாண் மேலே ஒட்டுத்தழும்பு தெரியும். வரிசையாக, சம இடைவெளியில் நின்றாலும் நட்டதுதான்.

கைபேசிச் செயலிகள் நெல்லி இலைப் படத்துக்கு உசில், வாகை என்று சொல்வது சகஜம். இணுக்கை மட்டும் தூரத்தில் எடுத்த படம் போட்டால் அதுவும் கூட்டிலை என்றே எடுத்துக்கொள்கிறது. இலைக் கக்கத்தை நெருக்கத்தில் எடுத்துப் போடுங்கள்.

பதிவு செய்வது

ஒரு மரத்துக்கு ஆறு படம் போதும்: முழு உருவம், தலைக்கு மேலுள்ள பட்டை, அளவுகோலோடு ஓர் இணுக்கு, லென்ஸ் வழியாக இலைக் கக்கம், பூ அல்லது காய், உடைத்த கொட்டை. குறிப்பேட்டில் நாள், உயரம், காட்டு வகை, சரிவின் திசை, உடன் நிற்கும் மூன்று மரங்களின் பெயர், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு, தீத்தழும்பு, புல்லுருவி உண்டா என்பவற்றை எழுதுங்கள். அந்த ஊர்க்காரர் சொல்லும் பெயரை அவர் உச்சரித்தபடியே எழுதிவையுங்கள்.

மாதிரிக்கு ஓர் இணுக்கு போதும். செய்தித்தாளுக்குள் உடனே அழுத்தி வைக்க வேண்டும், தாமதித்தால் இலைகள் உதிர்ந்து வெறும் குச்சிதான் வீடு சேரும். அன்று மாலையே தாளை மாற்றுங்கள். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் அந்த ஓர் இணுக்கும் எடுக்கக் கூடாது, படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காட்டில் காய் எடுத்து விற்கும் உரிமை, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அங்கே தலைமுறையாக வாழும் மக்களுடையது. வழிப்போக்கர் பை நிறையப் பறிப்பது அவர்கள் கூலியையும் மானின் தீனியையும் எடுப்பதாகும். காயை எட்டுவதற்காகக் கிளையை ஒடிப்பது அதைவிடக் கேடு: அடுத்த பங்குனியில் இணுக்கும் பூவும் கிளம்ப வேண்டிய முடிச்சுகள் அந்தக் கிளையில்தான் இருக்கின்றன. சோதனைக்குத் தரையில் விழுந்த காயே போதும். வெட்டிப் பார்த்த கொட்டையை உடைக்காமல் மிச்சம் வைத்திருந்தால், வெயில் படும் புல்வெளி ஓரத்தில் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.